பல்லால் கேட்ட கியர்பாக்ஸ்

என் அக்கா மகன் திருமயம் ரோட்டில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். போன மாதம் ஒரு சின்னப் பெட்டி வாங்கியிருக்கிறான். அதன் வயரைக் காரில் சொருகினால் கோளாறு எங்கே என்று எழுத்திலேயே காட்டிவிடுகிறது. நல்ல சாமான்தான். அந்தக் காலத்து மெக்கானிக்குகளான நாங்கள் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டதை அது அரை நிமிஷத்தில் சொல்கிறது. எனக்கு அதன்மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் நான் போயிருந்த அன்றைக்கு ஒரு காரில் என்னவோ முனகல், பெட்டி ஒன்றும் காட்டாமல் முழித்துக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்க்கும் முருகேசன் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நீள ஸ்குரூ டிரைவரை எடுத்து முனையை கியர்பாக்ஸில் வைத்தான். மரப் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

"ஏன்டா கடிக்கிறே? காதுல வச்சுக் கேக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"எங்க மேஸ்திரி இப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு, பெரியப்பா. புதுக்கோட்டையில பழைய ஆளுக எல்லாம் இப்படித்தான் கேப்பாகளாம். மிலிட்டரி முறையாம்ல?"

மிலிட்டரி முறையாவது மண்ணாங்கட்டியாவது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பழக்கம் புதுக்கோட்டையில் எங்கள் பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு மனிதரிடம் தொடங்கியது. ஏன் தொடங்கியது என்று தெரிந்தவன் இன்றைக்கு நான் ஒருவன்தான் மிச்சம். "அப்ப எழுதி வச்சுட்டுப் போங்க" என்றான் முருகேசன். போவது எங்கே என்று அவன் சொல்லவில்லை, ஆனாலும் புரிந்தது. எழுதுகிறேன்.

நான் அந்த ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தது சுதந்திரம் வந்த மறு வருஷம். மண்ணெண்ணெயில் போல்ட் கழுவியது இரண்டு வருஷம், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது இரண்டு வருஷம், பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கண்ணில் எண்ணெய் சொட்டச் சொட்டக் கிடந்தது மூன்று வருஷம். அதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கதை தொடங்கும்போது எனக்கு இருபத்தெட்டு வயது. போர்மனுக்கு அடுத்த மெக்கானிக் நான். "கருப்பையாவுக்குக் கை சுத்தம், வாய்தான் சுத்தமில்ல" என்று எனக்குப் பெயர். இரண்டுமே உண்மை.

போர்மன் பெயர் ஆரோக்கியசாமி. சண்டைக் காலத்தில் பர்மா பக்கம் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர். ஒல்லியான ஆள், கிராம்பு மெல்லுகிற வாய். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் போய் நின்றால்தான் அவர் பேசுவது காதில் விழும். ஆனால் அவர் போட்ட சட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அவரிடம் பேசுகிறவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வரவேண்டும். எதிரே வந்து நின்றுதான் பேச வேண்டும். முதுகுப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்க மாட்டார். விளக்கு வைத்த பிறகு அவர் யாரிடமும் பேச்சுக் கொடுக்க மாட்டார். ஆபீஸ் டெலிபோன் அலறினால், "அது குமாஸ்தா சோலி" என்று நகர்ந்துவிடுவார்.

என் மீசையையும் அவர்தான் எடுக்க வைத்தார். கல்யாணத்துக்கென்று நான் ஆசை ஆசையாய் வளர்த்த மீசை, மேலுதட்டை மூடிக்கொண்டு தொங்கும். ஒருநாள் என்னை நிறுத்தி, "நாளைக்கு இது இல்லாம வா. மீசை வேணும்னா வீட்டுல இரு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்பேனரைத் தூக்கி வீசிவிட்டுப் போயிருப்பேன். கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரைத்துவிட்டு வந்தேன். என் பெண்டாட்டி இன்றுவரை என்னை மீசையோடு பார்த்ததில்லை.

வேலை என்று வந்துவிட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கே வாய் வராது. கியர்பாக்ஸைப் பிரித்தால் கழற்றிய ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்துக்கொண்டே வருவார். வாஷர், பேரிங், பல்சக்கரம், மறுபடி வாஷர் என்று கடைசியில் ஒரு மாலை கிடைக்கும். அதைச் சுவரில் மாட்டிவிட்டால் பத்து நாள் கழித்து யார் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி மாட்டலாம். சத்தம் பார்ப்பதற்கென்று அவரிடம் ஒரு நீளக் கம்பி இருந்தது, ஒரு முனையில் வேப்ப மரப் பிடி. கம்பியை ஓடுகிற எஞ்சினில் வைத்து, பிடியைக் கடவாய்ப் பல்லால் கடித்துக் கொஞ்ச நேரம் நிற்பார். எடுத்துவிட்டு, "மூணாம் பேரிங்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாம் பேரிங்தான் போயிருக்கும். ராணுவத்தில் கற்ற வித்தை என்று நாங்களும் ஆளுக்கொரு கம்பி கடிக்க ஆரம்பித்தோம். "பல்லு உள்ளவன் பக்கோடா திம்பான், நீங்க என்னடான்னா கம்பியத் திங்கிறீக" என்று எங்கள் லேத் ஆள் கேலி பண்ணுவான்.

இப்படி இருக்கும்போதுதான் சொக்கலிங்கத்தின் கார் வந்தது.

சொக்கலிங்கம் திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமத்துச் செட்டியார் வீட்டுப் பிள்ளை. பர்மாவில் இருந்த வியாபாரமெல்லாம் சண்டையில் போய், பெரிய வீடும் அப்பா வாங்கிய ஒரு சின்னக் காரும்தான் மிச்சம். அவருக்கோ கார் ஓட்டப் பந்தயப் பைத்தியம். ஜில்லா எல்லையைத் தாண்டினால் வெள்ளைக்காரன் சண்டைக்காகப் போட்ட விமானத் தளம் ஒன்று சும்மா கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கார் வைத்திருக்கிறவர்கள் அங்கே கூடி, ஓடுதளத்தின் இரண்டு கோடியிலும் தார் டிரம்மை நிறுத்தி, சுற்றிச் சுற்றி வந்து போட்டி போடுவார்கள். மற்றவர்கள் எல்லாம் கப்பல் மாதிரிக் கார் கொண்டுவருவார்கள். இவர் இந்தக் குருவிக் காரை வைத்துக்கொண்டு அவர்களை ஜெயிக்க வேண்டும் என்று நின்றார். நாங்களும் எஞ்சின் தலையைச் சீவி, பெரிய கார்புரேட்டர் வைத்து, அதற்குப் பாதி உயிரைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம்.

வினை அங்கேதான். எஞ்சினுக்குப் பலம் ஏறிவிட்டது. கியர்பாக்ஸ் பழைய கியர்பாக்ஸ்தான். டிரம்மைச் சுற்றித் திரும்பி, இரண்டாம் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் பல் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். முதல் வருஷம் உதிர்ந்தது, புதுப் பல்சக்கரம் போட்டோம். இரண்டாம் வருஷமும் உதிர்ந்தது. ஊரில் கார் வைத்திருக்கிறவன் எல்லாம் கூடியிருக்கிற இடத்தில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். எங்கள் முதலாளிக்கு மானமே போய்விட்டது.

மூன்றாம் வருஷம் போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில் முதலாளி என்னை ஸ்டோர் ரூம் வாசலுக்குக் கூப்பிட்டார். போர்மன் முற்றத்துக்கு அந்தப் பக்கம், அவருடைய வைஸில் எதையோ இறுக்கி வைத்து அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"போர்மனுக்கு என்னமோ ஆயிப்போச்சு கருப்பையா. போன தடவை அந்த வண்டி போகும்போதே கியர்பாக்ஸ்ல கொர்ர்னு சத்தம், எனக்கே கேட்டுச்சு. பக்கத்துல நின்ன மனுசன் கம்முனு நிக்கிறாரு. இந்தத் தடவையும் பல்லு உதிர்ந்துச்சுன்னா அவரை வீட்டுக்கு அனுப்பிருவேன். அந்த நாற்காலி ஒனக்கு. யாருகிட்டயும் மூச்சு விடாத."

பொய் சொல்ல மாட்டேன். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மீசைக் கோபம் வேறு மிச்சமிருந்தது. போர்மனுக்கு நான்கு பெண்கள், ஒருத்திக்கும் இன்னும் கல்யாணம் முடியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்று மத்தியானமே சொக்கலிங்கம் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். செம்மண் புழுதி தலையோடு காலாய் அப்பியிருந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போர்மனிடம் வந்து, "கியர்பாக்ஸ ஒருக்கா பாத்திருங்க போர்மன். இந்த வருசமாவது மானத்தக் காப்பாத்துங்க" என்றார். போர்மன் தலையை ஆட்டி, "ஆகட்டும்" என்றார். நான் பக்கத்தில் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு காதாலும் கேட்டேன்.

மறுநாள் காலை நான் போய்ச் சேரும் முன்பே போர்மன் வேலையில் இறங்கியிருந்தார். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய கியர்பாக்ஸ் வெளியே கிடக்கிறது. அதைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தை ரம்பம் போட்டு அறுத்தே விட்டார். பின்கட்டில் ஆடு படுக்கிற இடத்தில் கிடந்த ராணுவ லாரி கியர்பாக்ஸ் ஒன்று கழுவித் துடைத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. ஏலத்தில் வந்த சின்ன லாரியுடையது, நாலு கியர். பல் ஒவ்வொன்றும் பழையதைப்போல ஒன்றரை மடங்கு கனம்.

"என்னண்ணே இது!"

"அவருதானே மாத்தச் சொன்னாரு" என்றார், நிதானமாக.

"எங்கண்ணே மாத்தச் சொன்னாரு? பாத்திருங்கன்னு..." என்று தொடங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். அவருடைய கண் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஆவுடையார்கோவில் பஸ் நின்றது. அதன் பக்கக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தேன். பாத்திருங்க. மாத்திருங்க. மறுபடி, பாத்திருங்க, மாத்திருங்க. உதடு ஒரே மாதிரி மூடுகிறது, ஒரே மாதிரி திறக்கிறது. சத்தம் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே சொல்தான்!

வெற்றிலையைத் துப்பு, எதிரே வந்து நில், விளக்கு வைத்தபின் பேசாதே, டெலிபோன் குமாஸ்தா சோலி, மீசையை எடு... அடப்பாவி மனுஷா! இந்த ஆளுக்குக் காது கேட்காது. பத்து வருஷமாக எங்கள் வாயைப் பார்த்தே எங்களை வேலை வாங்கியிருக்கிறார். செவிடர்கள் கத்திப் பேசுவார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இவர் மெதுவாகப் பேசியதால் ஒருவனுக்கும் சந்தேகம் தட்டவில்லை. பர்மாவில் குண்டு வெடித்ததில் இரண்டு காதுச் சவ்வும் போய்விட்டதாகப் பிற்பாடு தெரிந்தது. அவர் கம்பியைக் கடித்தது வித்தைக்காக அல்ல. காது வழியாக வராத சத்தம் பல் வழியாகத் தாடை எலும்பில் ஏறி அவருக்குக் கேட்டது. காது நன்றாக இருந்த நாங்கள் பன்னிரண்டு பேர் அவரைப் பார்த்துக் கம்பி கடித்துக்கொண்டு திரிந்தோம்.

முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்போதே நாற்காலி எனக்கு. ஆபீஸ் வாசல் வரைக்கும் போய்க்கூட நின்றேன். உள்ளே முதலாளி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். போர்மன் பழைய கியர்பாக்ஸின் சாமான்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார். திருப்பி மாட்டவே போவதில்லை என்று தெரிந்த பெட்டிக்கு எதற்கு மாலை? ஆனாலும் ஒன்று விடாமல் கோத்தார். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. திரும்பி வந்து, அவர் எதிரில் நின்று, வாயை நன்றாகத் திறந்து, "நான் என்ன செய்யட்டும்ணே?" என்றேன்.

மூன்றாம் நாள் சொக்கலிங்கம் வந்தார். காரின் வயிற்றில் இருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டுக் குதித்தார் பாருங்கள்!

"பாத்திருங்கன்னுதானே சொன்னேன்! எங்க அப்பச்சி வாங்குன வண்டிய்யா! யாரைக் கேட்டு அறுத்தீக?"

போர்மன் வாயைத் திறக்கும் முன்னே நான் குறுக்கே புகுந்தேன். "செட்டியாரே, நீங்க பாக்கச் சொன்னீக. பாத்தோம். பாத்ததுல மாத்தணும்னு ஆச்சு. அந்தப் பழசையே மாட்டி விடுறோம், வேணும்னா மறுபடியும் கயித்தக் கட்டி இழுத்துக்கிட்டு வாரீகளா?"

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஓடுமா?" என்றார்.

"ஓடும். ஆனா இது லாரிக் கியரு. கார் மாதிரி வழவழன்னு விழாது. கிளச்ச மிதிச்சு நியூட்ரலுக்குக் கொண்டாந்து, விட்டு, ஆக்சிலரேட்டர ஒரு தட்டுத் தட்டி, திருப்பி மிதிச்சுத்தான் கியர் போடணும். நம்ம பஸ் டிரைவருகளப் போயிப் பாருங்க."

பாவம், மூன்று நாள் பொன்னமராவதி லைன் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்து, போக வர டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு போனார். "என்ன செட்டியாரே, என் செருப்பு மேல ஆசையா?" என்று டிரைவர் கேட்டாராம்.

இனி வேலையைச் சொல்கிறேன். லாரி கியர்பாக்ஸின் போல்ட் துளையும் கார் எஞ்சினின் துளையும் பொருந்தாது. நடுவில் ஒரு இரும்புத் தகடு வேண்டும். காலண்டர் அட்டையை எஞ்சின் முகத்தில் வைத்து எண்ணெய் விரலால் தேய்த்தால் துளைகள் அச்சாக விழும். கியர்பாக்ஸ் முகத்துக்கும் அப்படியே. இரண்டு அட்டையையும் சேர்த்து, நாலு நூல் கனத்தில், அதாவது அரை அங்குலத்தில், ஒரு தகடு அறுத்தோம். கிளச் தட்டில் கார் தட்டின் நடுக் குமிழை வெட்டி எடுத்துவிட்டு, லாரிக் குமிழை வைத்து ரிவிட் அடித்தோம். பின்னால் போகிற நீளத் தண்டை லேத்தில் கொடுத்து இரண்டு அங்குலம் குறைத்தோம். கியர் லீவர் டிரைவரின் முழங்கைக்குப் பின்னால் போய் நின்றது. நெருப்பில் காட்டி முன்பக்கம் வளைத்தோம்.

இதெல்லாம் முரட்டு வேலை. உயிர் இருப்பது வேறு இடத்தில். எஞ்சின் தண்டின் பின்முனையில் ஒரு குழி உண்டு. கியர்பாக்ஸின் முன்தண்டு மூக்கு அந்தக் குழிக்குள் நின்று சுற்ற வேண்டும். இரண்டு தண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் வண்டி பேசாமல் ஓடும். மயிரிழை விலகினால் முதலில் பேரிங்கைத் தின்னும், அப்புறம் பல்லைத் தின்னும். அளக்கிற கருவி எங்களிடம் இல்லை. எஞ்சின் சக்கரத்தில் ஒரு தையல் ஊசியை மெழுகு வைத்து ஒட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி முனைக்கும் தகட்டின் நடுவில் இருக்கும் பெரிய துளையின் விளிம்புக்கும் இடையே சிகரெட் தாளை நுழைத்துப் பார்ப்பார் போர்மன். சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கமாய் நுழைய வேண்டும். நுழைந்தது. மாட்டினோம்.

போட்டிக்கு முந்தின நாள் காலை. பின்சக்கரங்களைக் கட்டையில் தூக்கி வைத்து எஞ்சினைக் கிளப்பினோம். முதலாளி வந்து நின்றார், சொக்கலிங்கமும் நின்றார். கியர் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், சுத்தமாக ஓடியது. முதலாளி முகத்தில்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

போர்மன் அடியில் படுத்துக் கம்பியைக் கடித்தார். வெகு நேரம் கடித்தார். வெளியே வந்து, "கழட்டணும்" என்றார்.

"என்னது?" முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். "சத்தமே இல்ல, எதுக்குக் கழட்டணும்? நாளைக்குப் போட்டி! நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா சொல்றதுக்கு இப்பயே சாக்குத் தேடுறீகளா?"

"மூக்கு ஒரு பக்கமா ஒரசுது. ஒரு தாள் அளவு."

"கருப்பையா, நீ சொல்லு. ஒனக்கு ஏதாச்சும் கேக்குதா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் காதில் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் சத்தியம். கழற்றி மாட்ட ஒரு முழு நாள் ஆகும். கழற்றி, ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால் போர்மன் அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கழற்றாமல், நாளைக்குப் பல் உதிர்ந்தாலும் வீட்டுக்குத்தான். நான் அந்தக் கம்பியை வாங்கிக்கொண்டு அடியில் படுத்தேன். அதுவரை எத்தனையோ தடவை கம்பி கடித்திருக்கிறேன், எல்லாம் வெறும் பாவனை. அன்றைக்குத்தான் உண்மையாகக் கடித்தேன். இரண்டு கையாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டு கடித்தேன்.

கேட்டது! மண்டைக்குள்ளே, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, அம்மியில் மஞ்சள் அரைக்கிற மாதிரி சர்... சர்... என்று.

வெளியே வந்து, "கழட்டத்தான் வேணும் மொதலாளி" என்றேன்.

கழற்றினோம். மூக்கு உட்காரும் வெண்கல புஷ் வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்த தடம், நகக் கீறல் அகலம். போல்ட்டை முடுக்கும்போது தகடு ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். தகட்டை நிலைநிறுத்தும் இரண்டு முளையையும் புதிதாகச் செய்து, ஊசியும் தாளும் வைத்து மறுபடி அளந்து மாட்டி முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது. போர்மன் கடித்துப் பார்த்தார், என்னிடம் கொடுத்தார். நானும் கடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

மறுநாள் விமானத் தளத்தில் ஒரே கூட்டம். ஐந்து கார், ஆறு சுற்று. முதல் திருப்பத்தில் சொக்கலிங்கம் டிரம்மை நெருங்கினார். கிளச், நியூட்ரல், ஒரு தட்டு, கிளச், இரண்டாம் கியர். டொக்கென்று விழுந்து, சீறிக்கொண்டு கிளம்பியது. தற்செயலாகப் பக்கத்தில் திரும்பினேன். போர்மன் ஓடுதளத்தையே பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்துக்கு அவர் கம்பி எட்டாது அல்லவா? ஒவ்வொரு திருப்பத்திலும் கியர் சரியாக விழுந்ததா என்று என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அதற்கப்புறம் நான் ஒவ்வொரு முறையும் அவர் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினேன். மிச்சமிருந்த பதினொரு திருப்பத்துக்கும் பதினொரு தடவை.

ஜெயித்தோமா என்றால், இல்லை. மூன்றாவதாக வந்தோம். ஆனால் பின்னால் வந்த இரண்டும் கப்பல் கார்கள். சொக்கலிங்கம் முதல் பரிசு வாங்கியவர்போல் குதித்துக்கொண்டு வந்தார். முதலாளிக்கு அது பற்றவில்லை. "எண்ணெயத் தொறந்து விடு" என்றார். கியர்பாக்ஸ் எண்ணெயில் மினுமினுப்புத் தெரிந்தால் பல் உதிரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தோளில் கிடந்த தம்முடைய வெள்ளைத் துண்டையே விரித்துப் பிடித்தார். எண்ணெய் சுடச்சுட அதில் இறங்கி வடிந்தது. துண்டை வெயிலில் தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கறுப்பு எண்ணெய்க் கறை. ஒரு பொட்டு மினுக்கம் இல்லை.

துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போர்மனுக்கு எதிரே வந்து, "நல்லாப் பண்ணியிருக்கீக" என்றார். நாற்காலி பேச்சை அவர் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

அந்தக் கியர்பாக்ஸ் எட்டு வருஷம் ஓடியது. போர்மனும் நானும் முன்னைவிட அதிகமாகச் சண்டை போட்டுக்கொண்டே அந்த எட்டு வருஷத்தையும் ஓட்டினோம். அவருடைய காது விஷயத்தை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, அவரிடமே சொல்லவில்லை. யாராவது முதுகுக்குப் பின்னால் அவரைக் கூப்பிட்டால் நான் முன்னால் போய் ஜாடை காட்டிவிடுவேன். புதிதாக வருகிறவனிடம் மீசையைப் பற்றி நானே சொல்லிவிடுவேன்.

அறுபதுகளின் நடுவில் அவர் ஓய்வு பெற்றார். நான்கு பெண்களுக்கும் கல்யாணம் முடிந்திருந்தது. கடைசி நாள் எல்லோரும் மாலை போட்டு, மிக்சர் காராபூந்தி கொடுத்து, முதலாளி நாலு வார்த்தை பேசி, எல்லாம் ஆயிற்று. ஆட்கள் அங்கங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எத்தனை நாள்தான் அடக்கி வைப்பது?

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னிக்குச் செட்டியாரு கியர்பாக்ஸ மாத்தச் சொல்லல. பாத்திருங்கன்னுதான் சொன்னாரு. ஒங்களுக்கு வாய் அசையிறது அப்படித் தெரிஞ்சிருச்சு."

அவர் கிராம்பை மென்றபடி என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"எங்கிட்டு வாயப் பாத்தேன்? கைக்குட்டைய வச்சு மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே பேசினாரு மனுசன். என்ன சொன்னாருன்னே எனக்குத் தெரியாது."

"அப்புறம்?"

"கேட்டிருந்தா மாத்த விட்டிருப்பாரா? அப்பச்சி வாங்குன வண்டின்னு அழுதிருப்பாரு. நானே முடிவு பண்ணிட்டேன். செவிடனா இருக்குறதுல அது ஒரு வசதி தம்பி, நமக்கு வேணுங்கிறது காதுல விழுந்துரும்."

பஸ் கண்ணாடி முன்னால் நின்று கண்டுபிடித்ததை எட்டு வருஷம் பெரிய புத்திசாலித்தனம் என்று சுமந்துகொண்டிருந்தேனே! எனக்கு வெட்கம் பிடுங்கியது. "சரி, என் மீசை? வாயப் பாக்கத்தானே எடுக்கச் சொன்னீக?"

"அது வேற. கண்கொண்டு பாக்க முடியல."

நானும் சிரித்துவிட்டேன். சிரித்து ஓய்ந்ததும் அவர் முகம் மாறியது. "மொதலாளி ஒன்ன ஸ்டோர் வாசல்ல நிப்பாட்டிப் பேசினாருல்ல, அதப் பாத்தேன். முற்றத்துக்கு இங்கிட்டு இருந்தே அவரு வாய் சுத்தமாத் தெரிஞ்சுச்சு. நாற்காலி ஒனக்குன்னாரு. மறுநாளு நீ கண்ணாடியில வாயாட்டினதையும் பாத்தேன், ஆபீஸ் வாசல்ல போயி நின்னதையும் பாத்தேன். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் பிள்ளைக நடுத்தெருவுல நின்னிருக்கும். ஏன்டா சொல்லல?"

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். குரல் எடுத்தால் உடைந்துவிடும் என்று தெரிந்ததால் உதட்டை மட்டும் அசைத்தேன்: ஒங்கள விட்டுட்டு நான் யாருகூடண்ணே சண்ட போடுறது?

அவர் என் வாயைப் பார்த்தார். படித்துவிட்டார். என் முழங்காலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"சத்தமாச் சொல்லுடா" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான். "எனக்குக் கேட்டுருச்சு. கேக்காத பயலுக இத்தன பேரு நிக்கிறானுகள்ல, அவனுகளுக்கும் கேக்கட்டும்."

எழுந்து நின்று சொன்னேன்.